கடலைத் திரும்பக் கூட்டுதல்: புத்தளம் கரையோரத்துச் சிக்கன உப்புநீர்த் தொட்டி பற்றிய ஓர் ஆய்வு

புத்தளம் மாவட்டத்தின் பொருளாதாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உப்பு, சீமெந்து, இறால், மின்சாரம் என்று நான்கு தலைப்பு போட்டு எழுதுவது வழக்கம். நான்கும் ஒரே தொழில்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பாலாவியில் கடலைக் காயவைத்து உப்பை எடுக்கிறோம். அருவக்காட்டில், மயோசீன் காலத்தில் கடலடியாகக் கிடந்த சுண்ணாம்புக்கல்லை வெட்டிச் சீமெந்தாக்குகிறோம். முந்தல் பக்கத்தில் களப்புத் தண்ணீரைக் குளத்துக்குள் இழுத்து இறால் வளர்க்கிறோம். நுரைச்சோலையில் கடல்நீரை உறிஞ்சி அனல் மின் நிலையத்தைக் குளிரவைக்கிறோம். ஆக, கடலைப் பிரித்து விற்பதே இந்த மாவட்டத்தின் குலத்தொழில்.

இதற்கு நேர் எதிராக, பிரித்து விற்றதையெல்லாம் காசு கொடுத்து வாங்கி வந்து முன்கூடத்தில் மறுபடியும் கடலாகக் கூட்டப் பார்க்கும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. இவர்கள் உப்புநீர்த் தொட்டி வைப்பவர்கள். அவர்களில் வசதியுள்ளவர்களைப் பற்றி ஆராய ஒன்றுமில்லை. பெட்டி வரும், ஆள் வந்து பூட்டிக் கொடுப்பார், செத்தால் இன்னொரு பெட்டி வரும். கையில் காசில்லாமல் ஆசை மட்டும் உள்ளவர்களே இந்த ஆய்வின் பொருள்.

முன்னாய்வுகளைச் சொல்லாமல் ஆய்வு தொடங்குவது மரபல்ல. 1846இல் அன்னா தைன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டோர்கீ கரையில் கல்முருகைகளைச் சேகரித்து லண்டனுக்குக் கொண்டுவந்து உயிரோடு வைத்திருந்தார். காற்றுப் பம்பு இல்லாத காலம். வீட்டுப் பணிப்பெண் திறந்த ஜன்னலுக்கு முன்னால் நின்று கடல்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு, தேத்தண்ணி ஆற்றுவதுபோல, ஊற்றிக்கொண்டே இருந்தாள். அன்னாவின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கை வலித்தவளின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் பொதுமக்களுக்கான மீன்கூடம் திறந்தது. அடுத்த வருடம் பிலிப் ஹென்றி கோஸ் தொட்டி வைப்பதைப் பற்றிப் புத்தகம் போட்டார். கடலுக்குத் தூரமாய் இருப்பவர்களுக்காகச் செயற்கைக் கடல்நீருக்கு ஒரு செய்முறையும் வகுத்தார். 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், இயற்கைக் கடல்நீர், உயிருள்ள பாறை, மெல்லிய காற்றுக் குமிழி ஆகிய மூன்றே போதும் என்று எழுதினார். சிக்கனக்காரர்கள் அவருக்கு ஒரு படம் மாட்டி மாலை போடலாம். நம் நாட்டில் ரொட்னி ஜோன்க்ளாஸ் கடல் அலங்கார மீன்களைச் சுழியோடிப் பிடிப்பதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆனால் சிலாபத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையே வாடகை வீட்டில் இருப்பவரை மனதில் வைத்து இவர்களில் ஒருவரும் எழுதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இம்முயற்சி.

முதலில் தொட்டி. கண்ணாடி வெட்டுகிற கடையில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்துக்குச் சொன்னால் ஒட்டித் தந்துவிடுவார்கள். ஏறக்குறைய 54 லீற்றர் பிடிக்கும். நிரப்பினால் தண்ணீர் மட்டும் 55 கிலோ. டீவி மேசை இதைத் தாங்காது என்பதைத் தவிர இந்த அத்தியாயத்தில் சொல்ல வேறில்லை.

அடுத்தது உப்பு. பாலாவி உப்பை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் கடல் வந்துவிடும் என்று நினைப்பது இத்துறையின் முதல் மூடநம்பிக்கை. ஒரு லீற்றர் கடல்நீரில் கரைந்திருக்கும் சுமார் 35 கிராமில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்று மேல்தான் சாப்பாட்டு உப்பு. உப்பளத்தின் பாத்திகளில் வெயில் ஏற ஏற முதலில் கல்சியம் காபனேற்று படியும், பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகே உப்பு. மக்னீசியம் கடைசிவரை கசப்பு நீரில் தங்கி, வேண்டாதது என்று வெளியே போகும். தொட்டியில் வாழும் உயிருக்கு எதுவெல்லாம் தேவையோ அதையெல்லாம் உப்பளம் கவனமாகக் கழித்துவிடுகிறது. கழிபட்டதைத் திரும்பச் சேர்த்து வாளியில் அடைத்து விற்பதற்குத்தான் வெளிநாட்டுக் கடலுப்பு என்று பெயர். அது கோஸின் ஊர்க்காரர்களுக்கான பண்டம். கடலைப் பார்த்தபடி குடியிருப்பவர் அதை வாங்குவதைப் பற்றிக் கற்பிட்டி மீன் வியாபாரி ஒருவர் தந்த வாய்மொழித் தரவு இது: "ஏன் தம்பி, அறக்குளா வாங்கக் காசில்லன்னு சொன்னீங்க, இப்ப உப்புத் தண்ணிக்குக் காசு குடுக்குறீங்களே?" இந்தத் தரவை மறுக்க ஆய்வாளரிடம் ஆதாரம் இல்லை. எனவே கடல்நீரே எடுக்க வேண்டும்: மழை பெய்யாத நாளில், கரையை விட்டுத் தள்ளி, படகிலிருந்து, சுத்தமான கலன்களில். களப்பிலிருந்து எடுக்கக் கூடாது. புத்தளம் களப்பு வறட்சியில் கடலைவிட உப்பேறிக் கிடக்கும். ஆறு பெருகினால் அதுவே சப்பென்று ஆகிவிடும்.

களப்பு செய்வதையே தொட்டியும் செய்யும் என்பது இந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை கற்பிட்டியில் அடிக்கும் காற்றை நம்பிப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் விமானமேறி வருகிறார்கள். அதே காற்று ஜன்னல் வழியாகத் தொட்டியையும் காயவைக்கும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு லீற்றர் குறைவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் லீற்றருக்கு 35 கிராம் என்பது 40ஐத் தாண்டும். அதாவது திங்கட்கிழமை இந்து சமுத்திரமாக இருந்தது, அடுத்த திங்கள் புத்தளம் களப்பாகிவிடும். தொடர்ந்து சோம்பியிருந்தால் ஜிப்சம் படியும். 54 லீற்றர் ஐந்து லீற்றருக்கு வற்றினால் உப்பு பூக்கத் தொடங்கும். முழுவதும் வற்றவிட்டால் ஒன்றரைக் கிலோ வரை தேறும். அந்நிலையில் உரிமையாளர் தன்னை மீன் வளர்ப்பவர் என்று சொல்வதை நிறுத்திவிட்டு உப்பள முதலாளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

குறைவதை ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். கடல்நீரை ஊற்றினால் உப்பின் மேல் உப்பு. கற்பிட்டியின் மணற்பாங்கான கிணறுகளில் வெங்காயத் தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று இறங்கியிருப்பது 1980களிலேயே ஆராய்ந்து சொல்லப்பட்ட விஷயம். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினால் பாசி வெங்காயத்தைவிட நன்றாக விளையும். கடையில் விற்கிற ஆர்.ஓ. தண்ணீர் போதும். குடிக்க வாங்குகிற கலனிலிருந்து மீனுக்கு ஊற்றுவது வீட்டில் எந்த அளவு அரசியல் நெருக்கடியை உண்டாக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

இனிப் பாறை. லீ சின் எங் சொன்ன உயிருள்ள பாறை முருகைத் திட்டிலிருந்து பெயர்ப்பது; அதை நாம் தொட முடியாது. இலங்கையில் கல்முருகை இனங்கள் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. கற்பிட்டிக்கு எதிரே உள்ள பார் ரீஃப் 1992இலிருந்து கடல் சரணாலயம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் உயிரின வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். அந்த விண்ணப்பத்தின் செலவில் இன்னொரு தொட்டி வாங்கிவிடலாம்.

இங்கேதான் மாவட்டம் கைகொடுக்கிறது. ஒரு பங்கு புத்தளம் சீமெந்து, நாலு பங்கு நொறுக்கிய சிப்பி ஓடு, ஒன்றிரண்டு பங்கு பாலாவிக் கல்லுப்பு. தண்ணீரை மிகக் குறைவாகச் சேர்த்து, ஈர மணலில் கையால் குழி பறித்து அதற்குள் இந்தக் கலவையை அமுக்க வேண்டும். இறுகிய பின் எடுத்து நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து வெளியேறி, பாறை முழுக்கத் துளைத் துளையாக நிற்கும். அந்தத் தண்ணீரைச் சில நாளுக்கொரு தரம் மாற்றி ஒன்றிரண்டு மாதமாவது ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் சீமெந்தின் காரம் மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் அது உடைத்துப் போட்ட வேலித்தூண் மாதிரித்தான் தெரியும். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் உப்பு இருந்த இடமெல்லாம் சதுரச் சதுரமாகக் குழி; ஒவ்வொரு குழிக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா குடியேறப் போகிறது. அருவக்காட்டுக் கல் பல பத்து இலட்சம் வருடத்துக்குப் பிறகு, சூளையெல்லாம் கடந்து, மீண்டும் கடலடியாகிறது. இந்த மாவட்டத்தில் சீமெந்துக்கு இதைவிட மரியாதையான வேலை கிடைத்ததாகத் தெரியவில்லை.

பக்டீரியாவை வரவழைக்கத் தேவையானது அழுகல். பக்டீரியாவைப் போத்தலிலும் விற்கிறார்கள்; சிக்கனக்காரர் ஒரு பச்சை இறாலைத் தொட்டியில் போட்டுவிடுவார். இறால் அழுகி அமோனியா வரும். ஒரு வகைப் பக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும். இரண்டுமே மீனுக்கு நஞ்சு. இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். அது ஓரளவுக்குப் பொறுக்கலாம். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இந்த வாரங்களில் தொட்டியில் பார்க்க ஒன்றும் இருக்காது, மணக்க நிறைய இருக்கும். வீட்டுக்கு வருகிற உறவினர்கள் வெறும் தண்ணீருக்கும் சீமெந்துக் கட்டிக்கும் முன்னால் நின்று "மாஷா அல்லாஹ், நல்லா இருக்கு மகன், மீன் எங்க?" என்று கேட்பார்கள். பொறுமையிழந்து அன்றைக்கே மீன் வாங்கிவந்து போடுகிறவர்களே முதல் மாதத்தில் தொழிலை விட்டவர்களில் பெரும்பான்மை.

மின்சாரத்தைப் பற்றிய அத்தியாயத்தில் குரங்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் போனது என்று அமைச்சரே அறிவித்தார். 900 மெகாவாட் நுரைச்சோலையும் அன்று நின்றது. அடுத்த நாட்களில் மின்வெட்டும் வந்தது. பம்பு நின்றால் தண்ணீரில் ஒட்சிசன் குறையும். வெக்கை நாளில் சில மணித்தியாலமே அவகாசம். எனவே நைதரசன் வட்டத்தின் பாடநூல் படங்களில் பக்டீரியாவுக்குப் பக்கத்தில் குரங்கையும் வரைவது இலங்கைச் சூழலுக்குப் பொருந்தும். பற்றரியில் ஓடுகிற சிறிய காற்றுப் பம்பு ஒன்று வாங்கிவைப்பது நல்லது. அதுவும் இல்லாதவர் அன்னா தைன் முறைக்குத் திரும்பி, ஒரு கோப்பையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். இம்முறை பெயரையாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சமிருப்பது செலவுக் கணக்கு. முருகைத் தொட்டியில் பணத்தை விழுங்குபவை மூன்று: முருகைக்கு வேண்டிய கடுமையான விளக்கு, தண்ணீரை 27 பாகைக்குள் வைக்கும் குளிரூட்டி, கல்சியமும் காரத்தன்மையும் குறையாமல் பார்க்கிற மருந்துகள். மூன்றுமே முருகைக்கானவை. உள்ளூர் முருகை வைக்கச் சட்டம் விடாது, வெளிநாட்டு முருகைக்குப் பை விடாது. எனவே மூன்று செலவும் இல்லை. இலங்கையின் சிக்கனத் தொட்டிக்காரருக்கு வனவிலங்குச் சட்டத்தைப்போல உதவிய நிதியமைச்சர் எவருமில்லை. சாதாரண எல்.ஈ.டி. விளக்கு, மேலே ஒரு சின்ன மின்விசிறி, சீமெந்துப் பாறை, சில நத்தைகள், இரண்டு கோமாளி மீன்கள். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். வெளிநாட்டுப் போத்தலில் வருகிற கல்சிய மருந்தில் ஒன்று வெறும் சுண்ணாம்புத் தெளிவுதான்; முருகையே இல்லாததால் பெரியம்மாவின் வெற்றிலைத் தட்டத்தின் மேல் கண் வைக்க வேண்டியதும் இல்லை.

முருகை இல்லாத தொட்டியை முருகைத் தொட்டி என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1998இல் கடல் சூடேறியபோது பார் ரீஃபின் ஆழமற்ற பகுதிகளில் முருகை பெரும்பாலும் வெளிறிச் செத்தது. பிறகு பல வருடத்தில் மெல்லத் தளிர்த்தது. 2016இல் மறுபடி வெளிறியது. 306 சதுர கிலோமீற்றர் சரணாலயத்துக்கே வெப்பத்தை ஒரு பாகை அளவில் அடக்கிவைக்க முடியவில்லை. ஓடு வேய்ந்த வீட்டின் முன்கூடத்தில், ஏப்ரல் மாதத்தில், 54 லீற்றரால் முடியும் என்று வாதிடுவது ஆய்வுமல்ல, சிக்கனமுமல்ல.

முருகையை உயிரோடு பார்க்கத்தான் வேண்டும் என்பவர்கள் விளக்குக்கு ஒதுக்கிய காசை எடுத்துக்கொண்டு நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் கண்டக்குளிக்கோ கற்பிட்டிக்கோ போங்கள். மற்ற மாதங்களில் கடல் கொந்தளிக்கும், படகு போகாது. முகமூடியை வாடகைக்குத் தருவார்கள். காலில் போடும் துடுப்பால் முருகையை மிதித்துவிடாதீர்கள், ஒரு துண்டும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அங்கே தண்ணீர் மாற்றுகிற வேலை உங்களுடையதல்ல.