ஒற்றை நாற்காலிக்காரர்

மடிப்பாக்கத்தில் எங்கள் எதிர் வீடு ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட். எட்டு வருஷத்தில் அங்கே நாலு பேர் குடி வந்தாகிவிட்டது. ஒருவருக்குக் கோவில்பட்டி, ஒருவருக்குக் கும்பகோணம். ஊரும் பெயரும்தான் வேறு. என் கணக்குப்படி ஒரே ஆள்தான் நாலு தடவை வந்திருக்கிறார். அதுவரை திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ பெருங்குடி பி.ஜி.யிலோ நாலு பேரோடு ஒரு பாத்ரூமைப் பங்கு போட்டவர். இப்போது கல்யாணம் ஆகாமலே தனிக்குடித்தனம்.

வந்து இறங்கும்போது ஒரு பெட்டி, ஒரு முதுகுப் பை, சுருட்டிக் கட்டிய ஒரு மெத்தை. அன்று சாயங்காலமே 55 அங்குல டிவி வந்துவிடும். அதன் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் சாப்பாட்டு மேஜை. இரவு பத்து மணிக்கு எங்கள் காலிங் பெல் அடிக்கும்.

“சாரி அங்கிள், ஒரு பக்கெட் கிடைக்குமா? காலைல குளிச்சிட்டுத் தந்துடறேன்.”

நீல வாளி ஒன்றும் மக் ஒன்றும் போகும். தட்டுமுட்டுச் சாமான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? இவரிடம் தட்டு இருக்கிறது, முட்டுதான் இல்லை. துடைப்பம் வருவதற்குள் மூன்று வாரம் ஓடிவிடும். அதற்குள் பீன் பேக், சீரியல் லைட், புளூடூத் ஸ்பீக்கர் எல்லாம் வந்திருக்கும்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. கையிலிருந்ததை எல்லாம் அட்வான்ஸ் விழுங்கிவிட்டது. 2017-ம் வருஷத்து வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கூடவே, இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர, என்று ஒரு வாலும் உண்டு. சென்னை ஹவுஸ் ஓனர்களில் பாதிப் பேர் அந்த வாலில்தான் வசிக்கிறார்கள். பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்தவருக்கு வாளி ஞாபகம் எப்படி வரும்? டிவிக்குத் தவணை கிடைக்கிறது. வாளியைத் தவணையில் தருபவன் இன்னும் பிறக்கவில்லை.

முதல் மாதச் சம்பளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரும். ஒன்றே ஒன்று. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை அது துணி ஸ்டாண்டு. ஃபேன் துடைக்க ஏணி. இருபது லிட்டர் தண்ணீர் கேனை ஒரேயடியாகத் தூக்கிக் கவிழ்க்கத் தெம்பில்லாதபோது நடுவழி நிறுத்தம். விருந்தாளி வந்தால் துணி மூட்டை மெத்தைக்குப் போகும், விருந்தாளிக்கு நாற்காலி. இரண்டாவது விருந்தாளிக்கு எங்கள் நீல வாளியைக் கவிழ்த்துப் போடுவார். நான் ஒரு நாள் அதில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன், சொந்த வாளி என்ற உரிமையோடு.

ஆனால் அவர் போனில் வேறொரு வீடு இருக்கிறது. சந்தன நிறச் சுவர், சாம்பல் நிற சோபா, மூலையில் ஒரு செடி, ஜன்னலில் இளவெயில். ஒவ்வொரு படமாக எனக்குத் தள்ளிக் காட்டுவார். “இதே மாதிரி பண்ணப் போறேன் அங்கிள்.” செடி மட்டும் எங்கள் வீட்டிலிருந்து போனது. மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் வளராது, திருடினால்தான் தழைக்கும் என்பது என் மனைவியின் சித்தாந்தம். “நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். நீ கிள்ளிக்கோப்பா” என்று சுவரைப் பார்த்து நின்றாள். அவர் கைநடுங்கக் கிள்ளினார். எங்கள் தாய்ச்செடி அதற்கப்புறம் தேறவில்லை.

அந்த சாம்பல் நிற சோபாவும் ஒரு நாள் வந்தது. ஹாலின் நீள அகலத்தை, ஜன்னலை, ஏன், ஸ்விட்ச் போர்டைக்கூட அவர் அளந்திருந்தார். மாடிப்படித் திருப்பத்தை அளக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. கொண்டு வந்தவர்கள் நெட்டுக்குத்தலாக, சாய்வாக, தலைகீழாக எல்லாம் திருப்பிப் பார்த்துவிட்டு, சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு, கீழே பார்க்கிங்கில் வைத்துவிட்டுப் போனார்கள். திருப்பி எடுத்துப் போக நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் எங்கள் வாட்ச்மேன் தூங்கிய தூக்கம் ராஜ தூக்கம்.

அடுத்தது, நாமே பொருத்திக்கொள்ளும் அலமாரி. பலகைகள், ஒரு பை நிறைய ஸ்குரூ, ஆறு பட்டையில் ஓர் ஆலன் கீ. ஆறுமுகன் துணை என்று ஞாயிறு காலை ஆரம்பித்தவர் மாலையில் முடித்தார். அலமாரி நின்றது. கையில் நாலு ஸ்குரூ மிச்சம். “எக்ஸ்ட்ரா கொடுத்திருப்பாங்க” என்றார். அந்த அலமாரியின் மேல்தட்டில் கடைசிவரை கைக்குட்டையைவிடக் கனமான எதையும் அவர் வைத்ததில்லை.

இரண்டாம் மாதம் அம்மா வருவார். ஊரிலிருந்து ராத்திரி பஸ், கட்டைப்பை மூன்று: உப்பு, மஞ்சள், சாமி படம், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, துணியில் சுற்றிய பித்தளைப் பானை. மகன் இத்தனை நாளும் பால் காய்ச்சாமலே குடியிருக்கிறான் என்று தெரிந்ததும் அந்த அம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டார். விடிவதற்குள் காய்ச்சியாக வேண்டும். இருப்பதோ இண்டக்‌ஷன் அடுப்பு. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதற்கு ஆகும். பித்தளைப் பானையை வைத்ததும் ‘பீப் பீப்’ என்று கத்தியது.

“இது என்னடா அடுப்பு, பாத்திரத்தைப் பார்த்து ஜாதி கேக்குது?”

கடைசியில் எலக்ட்ரிக் கெட்டிலில் ஆவின் பச்சைப் பாக்கெட்டை ஊற்றினார்கள். ஆவி பட்டால்தான் அது தானாக அணையும்; பாலின் நுரைக்கு அவ்வளவு பொறுமை ஏது? மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, பக்கவாட்டில் வழிந்து, பிளக்கை எட்டியது. படக்! வீடே இருட்டு. எதிரே நின்ற எங்களுக்கு அந்த அம்மாளின் குரல் மட்டும் கேட்டது: “பொங்கிடுச்சுல்ல, அது போதும். கெழக்குப் பக்கமா வழிஞ்சுதான்னு மட்டும் பாரு.” அவர் போன் டார்ச்சை அடித்துத் திசைகாட்டி பார்த்தார். வடகிழக்கு. அம்மாவுக்குப் பரம திருப்தி.

அம்மா ஊருக்குப் போன மறுநாள் அந்த அரிவாள்மனை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அதில் நறுக்க அவருக்குப் பயம். நாலு பேர் அம்மாக்களின் நாலு அரிவாள்மனை இப்போது எங்கள் பரணில்.

பதினோரு மாத ஒப்பந்தம் ஒரு முறை புதுப்பித்ததும் கல்யாணமோ, பெங்களூரோ, இரண்டில் ஒன்று வந்து கூப்பிடும். காரில் வந்தவருக்குக் குட்டி யானை இரண்டு நடை அடிக்கும். போன மாதம் நாலாமவர் கிளம்பினார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி ஏறியது, அலமாரி நாலாகக் கழன்று ஏறியது, நாற்காலி ஏறியது. அதன் மேல், எங்கள் நீல வாளி.

வாயைத் திறந்தேன். மனைவி கையைப் பிடித்துவிட்டாள்.

“விடுங்க. போற இடத்துல யார்கிட்ட போய்க் கேக்கும், பாவம்.”

ஒன்றாம் தேதி ஐந்தாமவர் வருகிறார். நேற்றே இரண்டு வாளி வாங்கி வைத்துவிட்டோம்.