தொண்டை கட்டிருச்சுன்னு சொல்லாதட்டி

ஏட்டி பேத்தி, திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. காலேஜுக்கு வாய்ப்பாட்டு பி.ஏ. படிக்க மனு போட்டுட்டியாமே. ஒங்கப்பன் போன்ல சொன்னான். இன்போபார்க்ல பொட்டி தட்டுதவன் மகளும் பொட்டிதான் தட்டுவான்னு நெனச்சிருப்பான் போல, குரல் கம்மிப் போச்சு. நான் சிரிச்சுட்டேன். ஒங்க வீட்ல ஒரு ஆளாவது சுருதி சேந்து பேசட்டும்.

காலேஜ்ல சேக்குததுக்கு வைக்குத அபிருசிப் பரீட்சைக்குப் போவும்போது, காக்கநாட்டுல வாட்டர் மெட்ரோ ஏறி வைற்றிலயில இறங்கு. அங்ஙன இருந்து மெட்ரோ ரயிலு திருப்பூணித்துறைக்கே போவுது. போட்டுக்குள்ள ஏ.சி. போட்டிருப்பான், கழுத்துல துண்டைச் சுத்திக்க. பரீட்சைக்கு உள்ள போனதும் "தொண்டை கட்டிருக்கு மாஷே"ன்னு மட்டும் ஆரம்பிச்சிராத. அபிருசிப் பரீட்சை அன்னைக்கு வாரவுக பூரா பேருக்கும் தொண்டை கட்டத்தான் செய்யும். கேட்டுக் கேட்டு மாஷுமாருக்குக் காது கட்டிருக்கும்.

நீ தோடி பாடப் போறியாம். அந்த ஆலாபனை ஒனக்கு எங்கேருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியும்ட்டி. யாரோ யூடியூப்ல பாடுனதை, அந்தம்மா நடுவுல மூச்சு வாங்குன எடம் மொதக்கொண்டு நெட்டுருப் போட்டிருக்க. பரீட்சை வைக்குத மாஷ் பாதியில நிறுத்தி, "நான் பாடுதத அப்படியே திருப்பிப் பாடு"ன்னு நாலு சுரத்த எடுத்து விட்டாருன்னு வையி, தோடி ஒன்னய நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிரும். இந்த வயசுல நீ பெரிய வித்துவாம்சியா வந்து நிக்கணும்னு யாரும் எதிர்பார்க்கலை. சொல்லிக் குடுத்தா பிடிச்சுக்குவாளா, சுருதி நிக்குதா, கை தப்பாம தாளம் போடுதாளா, அவ்ளோதான் பாப்பாக.

அதனால ஒரு வர்ணத்தக் கெட்டியாப் பிடி. ரெண்டு காலமும் பாடு. மொதல் காலத்தப் பைய எடு. வேகமா எடுத்துட்டா ரெண்டாங் காலத்துக்கு ஓடுறதுக்கு எடம் இருக்காது. பைரவி அட தாள வர்ணம்னா ஆவர்த்தத்துக்கு 14 எண்ணிக்கை. அம்மா கடைக்காரன்ட மிச்சக் காசு எண்ணி வாங்குத மாதிரி, ஒண்ணு கொறையாம எண்ணு. அப்புறம், ஒனக்கு அஞ்சு கட்டைன்னா அஞ்சு கட்டைதான். பயத்துல அஞ்சரைக்கு ஏத்திட்டு, மேல் ஸ்தாயியில மோட்டைப் பாத்து முழிக்காத.

பட்டுச்சேலை வேண்டாம். அப்பார்ட்மெண்ட் ஓணப் போட்டியில வாங்குன கப்பையும் தூக்கிட்டுப் போவாத.

போர்ட் கொச்சியில பொறந்த யேசுதாஸ் இதே காலேஜ்லதான் கானபூஷணம் முடிச்சாருன்னு ஒங்கம்மா அக்கம்பக்கத்துல அளக்காளாம். அவரு பெறகு திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் காலேஜ்ல சேந்து, காசு இல்லாம பாதியில நின்னதை மட்டும் அளக்க மாட்டேங்கா.

எங்கூர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரரு காருகுறிச்சி அருணாசலம் எந்த காலேஜுக்கு மனு போட்டாரு? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைகிட்ட சிஷ்யனாப் போய்ச் சேந்தாரு, முடிஞ்சுது. அதுக்காக நீயும் குருகுலத்துக்குப் போன்னு சொல்லலை. சாப்புட்ட தட்டையே கழுவி வைக்காத ஒன்னய எந்த வித்துவான் வீட்ல வச்சிருப்பான்? சிதம்பரத்துல ராஜா அண்ணாமலைச் செட்டியாரு 1929-லேயே இசைக் காலேஜ் கட்டுனதும், திருப்பூணித்துறையில 1956-ல ஆர்.எல்.வி. வந்ததும் ஒன்னய மாதிரி ஆளுகளுக்காகத்தான்.

ஒரு கொறை மட்டும் இருக்கு. போன கார்த்திகையில திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிகோத்சவத்துல எட்டு நாளும் கச்சேரி நடந்துது. காசில்லாம உக்காந்து கேட்டிருக்கலாம். நீ போனது ஒரு நாளு, அதுவும் ஆனை முன்னாடி நின்னு போட்டோ பிடிக்க. சவத்த விடு, அடுத்த கார்த்திகைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.

மார்க் சீட்டு, டி.சி. எல்லாத்தையும் நகல் எடுத்து வையி. பீசை அப்பன்ட கேளு. மொறச்சான்னா போனை என்ட குடு. பத்தாங்கிளாஸ்ல அவன் கணக்குல எவ்வளவு வாங்குனான்னு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.