வெயிலுக்கு மணிக்கு 18 வெள்ளி

ஏன் ஆயி, போர்ட்டிக்சன் கடலுக்குப் போறேன்னுதானே சொன்ன? காவடிக்கு விபூதி பூசிக்கிட்ட மாதிரி வந்து நிக்கிறியே! முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், காது மட்டும் நம்ம குடும்ப நிறம். பத்துமலைக்கு வழி அந்தப் பக்கம், தெரியும்ல?

சரி, கோவிச்சுக்காதே. அந்த வெயில் கிரீம் டியூப்பைக் கொடு, பார்க்கிறேன். என்ன போட்டிருக்கான்? துத்தநாக ஆக்சைடு. அட, இவனா! இவன் நமக்குப் பழைய ஆளாச்சே. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெஸருக்கு எடுபிடியா நின்னவன் நான். லயத்துப் பிள்ளைங்களுக்குத் தொடை இடுக்கு சிவந்தா வெள்ளைக் களிம்பு, வேர்க்குருவுக்கு ரோஸ் கலர் காலமைன். ரெண்டுலயும் இருந்தது இவன்தான். துளி இரும்பு ஆக்சைடு சேர்த்தா வெள்ளை ரோஸாகிடும், அவ்வளவுதான் வித்தை. இன்னொன்னு கேளு. உங்க பாட்டி வெட்டின பால் டயராகணும்னா, கந்தகத்தோட இவனையும் சேர்த்துத்தான் வேகவைப்பாங்க. அப்பத்தான் ரப்பர் சீக்கிரம் இறுகும். உலகத்துல இவனை அதிகமா வாங்குறதே ரப்பர்க்காரங்கதான். லாரி டயருக்குப் போக மிச்சத்தைத்தான் நீ கோலாலம்பூர்ல 60 வெள்ளி கொடுத்து வாங்கிட்டு வந்திருக்க.

கெமிக்கல் இல்லாததா? யார் சொன்னா? துத்தநாக ஆக்சைடு என்ன, கத்தரிக்காயா? வெயிலை அப்படியே திருப்பி அடிச்சிடும்னு விளம்பரத்துல அம்பு போட்டுக் காட்டுவான். அதுவும் பாதிக் கதை. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புற ஊதாக் கதிர்ல பெரும்பகுதியை இவன் உறிஞ்சிக்கிறான். திருப்பி அனுப்புறது கொஞ்சந்தான்.

அதுக்காக மோசமான சாமான்னு நான் சொல்லலை. 2019-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் கணக்கெடுத்தப்ப, துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் மட்டுந்தான் பாதுகாப்புன்னு ஒத்துக்கத் தகுந்ததுன்னு சொல்லுச்சு. மத்த சிலதுக்கு இன்னும் விவரம் கொண்டாங்கன்னு கேட்டுச்சு. பவளப்பாறைக்கு ஆகாதுன்னு ஹவாயில ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த கிரீம் விற்கிறதையே 2021-லேர்ந்து நிறுத்திட்டாங்க. அதே வருசம் தாய்லாந்தும் கடல் பூங்காவுல அந்த மாதிரி கிரீமுக்குத் தடை போட்டுச்சு. உன் டியூப்புல அது ரெண்டும் இல்ல. நல்ல பிள்ளையாத்தான் பார்த்து வாங்கியிருக்க.

ஆனா பூசின லட்சணத்தைப் பார்த்தேன். பட்டாணி அளவு பிதுக்கி, முகத்துலயும் ரெண்டு கையிலும் இழுத்து, கழுத்துக்குக் காட்டிட்டு மூடியைப் போட்டுட்ட. மூடியில 50-ன்னு காப்பு நம்பர் போட்டிருக்கானே, அது யாருக்கு? ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசினவனுக்கு. அந்தக் கனத்துலதான் சோதிச்சு நம்பர் போடுறாங்க. நீ பூசின பூச்சுக்கு எந்த நம்பரும் கிடையாது ஆயி.

கணக்குப் போடுவோம் வா. கிராணி போட்ட கணக்கையே திருப்பிப் பார்த்தவன் நான். ஆள் முழுக்கப் பூச ஏறக்குறைய 30 மில்லி வேணும். உன் டியூப் 50 மில்லி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்பப் பூசணும், கடல்ல முங்கி எழுந்தா அப்பவே பூசணும். 30 மில்லி 36 வெள்ளி. ஆக, போர்ட்டிக்சன் வெயில்ல சும்மா நிக்கிறதுக்கு மணிக்கு 18 வெள்ளி! நம்ம நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. மணிக்குப் பார்த்தா எட்டு வெள்ளி சொச்சம். மறுநடவு போட்ட காட்டுல, இடுப்பு உயரச் செம்பனைக் கன்னுக்கு நடுவுல நாள் முழுக்கப் புல்லுக்கு மருந்தடிக்கிறானே, அவனை நினைச்சுப் பாரு. ஒரு மணி நேரத்துக்குப் பூச ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேலை செய்யணும். அவன் இன்னும் ஒரு டியூப்கூட வாங்கலையாம். ஏன்னு எனக்கும் புரியலை.

உங்க பாட்டி என்ன பூசினா? ஒன்னும் பூசலை. விடியுமுன்ன பெரட்டுக்குப் போவா. குளிர்ச்சியில பால் நல்லா ஓடும், அதனால இருட்டுலயே வெட்டு. கைலிக்கு மேல என் பழைய முழுக்கைச் சட்டை, தலையில துண்டு, அதுக்கு மேல தொப்பி. மேல கித்தா மரத்து நிழல். வெயில் உச்சிக்கு ஏறுறதுக்குள்ள பால் ஸ்டோருக்குப் போயிடும். அவளுக்கும் கன்னத்துல மங்கு விழுந்துச்சு, இல்லைங்கலை. கறுப்புத் தோலுக்கு எதுக்குய்யா கிரீமுன்னு எதிர் வீட்டுக்காரன் கேப்பான். கறுப்பு கொஞ்சம் காக்கும், முழுசாக் காக்காது. மங்கு அதிகமாப் படையெடுக்கிறதே நம்மளை மாதிரி நிறத்து மேலதான்.

அதுக்குன்னு மூடிக்கிட்டே திரின்னும் சொல்ல மாட்டேன். 1999-ல நிப்பா காய்ச்சல் வந்து நம்ம ஊர் பேரு உலகம் முழுக்கப் போச்சே, அப்ப பன்னிங்களை அழிக்கப் பண்ணைங்களுக்குள்ள போன ராணுவக்காரங்க தலையிலேர்ந்து கால்வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் போனாங்க. இந்தப் புழுக்கத்துல அது என்ன பாடுன்னு அவங்களைத்தான் கேக்கணும். நாம இருக்கிறது நிலநடுக்கோட்டுக்கு மூணு பாகைக்குள்ள. புற ஊதா அளவு மூணு வந்தாலே நிழலுக்குப் போன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. இங்க வெளிவாங்கின உச்சிவேளையில பதினொன்னைத் தாண்டுறது சாதாரணம்.

அதனால இப்படிச் செய். காலையில பத்து மணிக்குள்ள ஒரு குளியல், நாலு மணிக்கு மேல இன்னொன்னு. நடுவுல தெலுக் கெமாங் கடற்கரை மரத்தடியில உக்காந்து நாசிலெமாக் சாப்பிடு. துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் பூசு. மூக்கு, காது மடல், பின்கழுத்து, பாதத்து மேல்புறம். அங்க கஞ்சத்தனம் பண்ணாதே. அடுத்த தடவை நிறம் கலந்ததா வாங்கு. அதுல காலமைன்ல போட்ட அதே இரும்பு ஆக்சைடுதான் இருக்கும். சாம்பல் பூத்துத் தெரியாது, மங்குக்கும் நல்லது. பாசார் மாலாம்ல பேரில்லாத டப்பாவுல வெள்ளையாக்குற கிரீம்னு ஒன்னு விப்பான், அந்தப் பக்கம் திரும்பாதே. அந்த மாதிரிச் சாமான்ல பாதரசம் இருக்குன்னு சுகாதார அமைச்சு அடிக்கடி பிடிச்சு அறிவிக்குது.

உடம்புக்கு என்ன பண்றதுன்னு கேக்கிறியா? பீரோவுல பாட்டி போட்டிருந்த அந்த முழுக்கைச் சட்டை இருக்கு. துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், காலர்ல மட்டும் கொஞ்சம் பால் கறை. வாடகை மணிக்கு ரெண்டு வெள்ளி. சொந்தப் பேத்தியாச்சேன்னுதான் இந்த விலை. முன்பணம் அந்த டியூப்.