மாப்ள கட்டின கோட்டை

மாப்ள, அசோசியேஷன் செக்ரட்டரி ஆனதும் ஆனீங்க, அபார்ட்மென்டையே கோட்டையாக்கிப்புட்டீங்க! தூணுக்குத் தூண் கேமரா, கேட்டுல ஓடிபி. பத்து வருசமா கீரை கொண்டாற அம்மாவை நிறுத்திவச்சு காவலாளு நம்பர் கேக்குறாரு. ஏணியைத் தூக்கிக்கிட்டு ‘ஏசி ரிப்பேரு’ன்னு எவன் வந்தாலும் சல்யூட் அடிச்சு உள்ள விடுறாரு.

பேரன் செல்லுல ஒரு திருட்டைக் காட்டுனான். பாரிஸ்ல லூவர் மியூசியமாம். 2025 அக்டோபர் 19, ஞாயித்துக்கிழமை, நல்லா விடிஞ்ச பொறவு. வேலையாளு மாதிரி மஞ்சச் சட்டை, சாமான் ஏத்துற லிப்ட் வண்டி. பால்கனியில ஏறி, சன்னலை அறுத்து, ராசா வீட்டு நகையை அள்ளிட்டுப் போக 8 நிமிசங்கூட ஆகலையாம். அந்தப் பக்கத்து வெளிக் கேமரா மேற்கே பாத்துக்கிட்டு நின்னுச்சாம். மியூசியம் இயக்குநரம்மாவே செனட்ல சொன்னாங்க. நம்ம கேமராவுக்கு அந்தக் கெட்ட பேரு வராது மாப்ள. அசோசியேஷன் தலைவர் காரைக் கண்ணு கொட்டாமப் பாக்குது. பின்மதிலை முருங்கைமரம் பாத்துக்கிடும்.

காவலாளு விசயத்துலயும் நீங்க கெட்டிதான். 65 வயசு தாண்டுனவரை ஏஜென்சி வைக்கக் கூடாதுன்னு 2005ஆம் வருசத்துச் சட்டம். நம்ம கேட்டுல நிக்கிறவரு என்னையவே ‘தம்பி’ங்காரு. 100 மணி நேரம் பாடம், 60 மணி நேரம் களப்பயிற்சி கொடுக்கணும்னு மாதிரி விதி இருக்கு. நம்மாளுக்கு ஒரு விசில் கெடைச்சுது. காலையில மாத்து ஆளு வரலைன்னா அவரே டபுள் டூட்டி. அப்புறம் தூங்குறாருன்னு வாட்ஸ்அப்புல படம் போடுறீங்க.

ஒண்ணு மட்டும் சிரிக்காமச் சொல்றேன். திருடனுக்குப் பயந்து பின்படிக்கட்டுக் கதவைப் பூட்டியிருக்கீங்களே, சாவி யாருகிட்ட? டெல்லி உப்ஹார் தியேட்டர்ல 1997 ஜூன் 13 அன்னிக்கு தீயும் புகையும் 59 உசுரைக் கொண்டுபோச்சு. பால்கனியில வெளியேறுற வழியை மறிச்சுக் கூடுதல் சீட்டு போட்டிருந்தாங்க. திருடன் பீரோவோட போயிருவான் மாப்ள, தீ அப்படி விடாது. அந்தப் பூட்டை இன்னிக்கே கழட்டுங்க. உள்ளேயிருந்து தள்ளுனா திறக்குற கதவாப் போடுங்க.

பொறவு ஒரு கூட்டத்தைக் கூட்டுங்க. 101க்கு யாரு போன் போடுறது, கரண்டை யாரு நிறுத்துறது, மூணாவது மாடிப் பாட்டியை யாரு இறக்குறது, தீயணைப்பு வண்டி வார வழியில நிக்கிற காரை யாரு எடுக்குறதுன்னு ஆளு பேரு போட்டு எழுதி ஒட்டுங்க.

அந்தக் காரு தலைவரோடதுதான். நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க. எனக்கு ஊருக்கு ராத்திரி பஸ்ஸு.