80 சதவீதத் தள்ளுபடி

அரசு போடும் விதிமுறைகள் எனக்குப் பிடிக்கும். அடுத்தவர் கடைப்பிடிக்க வேண்டியவை என்றால் ரொம்பவே பிடிக்கும். தீபாவளி வந்தால் இந்தக் குணம் ஊருக்கே தெரிந்துவிடும்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கடிவாளம் போட்டபோது முதலில் கைதட்டியவன் நான். பேரியம் கூடாது, சரவெடி கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது, வெடிக்க இரண்டு மணி நேரம்தான். தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. காலை நேரம் எண்ணெய்க் குளியலிலேயே போய்விடும். மாலையில் மைத்துனர் குடும்பம் வந்து சேரவே எட்டேகால். "சத்தமில்லாத ஐட்டம்தானே மாப்ள, ஒண்ணும் ஆகாது" என்று நானே சமாதானம் சொல்லிப் பற்றவைப்பேன். எதிர்வீட்டுக்காரர் எட்டரைக்கு வெடித்தால் மட்டும், "சட்டம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று பால்கனியில் நின்று முணுமுணுப்பேன்.

வாங்குகிற லட்சணம் இதைவிட மோசம். வாட்ஸ்அப்பில் சிவகாசி விலைப்பட்டியல் வரும். அச்சடித்த விலையில் 80 சதவீதத் தள்ளுபடி. ஐந்து மடங்கு ஏற்றி அச்சடித்தால்தான் அப்படித் தள்ள முடியும் என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். நான் வணிகவியல் பட்டதாரி.

மீதி மலிவு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் இல்லை. ஆலையில் ஒரு அறைக்கு 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் துறையிடம் உரிமம் வாங்கியவர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டால், குத்தகைக்காரர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுக்க ஆட்களைக் கூட்டி அடைப்பார். இடம் போதாவிட்டால் மரத்தடியிலும் வேலை நடக்கும். மருந்தில் ஒரு உராய்வு போதும். 2012 செப்டம்பரில் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்து நடந்தால் ஆய்வு வரும், உரிமம் ரத்தாகும், உயிர் தப்பிய கூலிக்காரருக்கு வேலை போகும். விதிப்படி நடத்துகிறவரின் பெட்டி கொஞ்சம் விலை கூடுதல். அதை நான் வாங்கியதில்லை. "அதிகாரிகள் என்னதான் பண்றாங்க?" என்று செய்தித்தாளிடம் கேட்க மட்டும் தவறியதில்லை.

இந்த வருஷம் திருந்திவிடலாம் என்று, "அண்ணாச்சி, எந்த ஆலைச் சரக்கு? லைசென்ஸ் நம்பர் உண்டா?" என்று விலைப்பட்டியல் அனுப்பியவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சார், நீங்க தாசில்தார் ஆபீஸா?"

"ஐயோ, இல்லைங்க. சும்மா கேட்டேன்."

"அப்பச் சரி. உங்களுக்காக இன்னொரு அஞ்சு பர்சன்ட் கொறச்சுக்கிறேன்."

அதற்கு மேல் கேட்க எனக்குக் கேள்வி எதுவும் தோன்றவில்லை.