பைசா கோபுரத்தின் தாத்தா

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முழுக்க என் பேரன் பைசா கோபுரமாக இருந்தான். ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவன் போகும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பின் ஆண்டு விழா. உடம்பைச் சுற்றி வெள்ளை சார்ட் பேப்பர், அதில் ஸ்கெட்ச் பேனாவில் போட்ட ஜன்னல்கள், தலையில் தெர்மாகோல் மூடி. மேடையின் இடது ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். விழா முடிகிற வரைக்கும் நிமிரக் கூடாது. ஈபிள் கோபுரமாக வந்த பையனுக்கு நேராக நிற்கும் வசதி கொடுத்திருந்தார்கள். அவன் அப்பா விழாவுக்கு ஷாமியானா ஸ்பான்சர். லிபர்ட்டி சிலையாக வந்த குட்டி டார்ச் லைட்டை உயர்த்திப் பிடித்து, கை வலித்து, அடுத்த கைக்கு மாற்றி, கடைசியில் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேவிட்டது. யாரும் கேட்கவில்லை.

என் வீட்டம்மாவிடம் இந்தச் சாய்வு விவகாரத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து, "டேய், கூன் போடாம நேரா நில்லுடா!" என்று ஒரு அதட்டல் போட்டாள். கோபுரம் சட்டென்று நிமிர்ந்துவிட்டது. இத்தாலியில் நிஜக் கோபுரத்தை 1990-ல் பூட்டி, இஞ்சினியர்கள் வடக்குப் பக்கம் துளை போட்டு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, 2001-ல் திறந்தபோது ஒன்றரை அடிதான் நிமிர்த்தியிருந்தார்கள். அதற்கு மேல் நிமிர்த்தவும் மனசு வராது. நேராக நிற்கிற கோபுரத்தைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? பதினோரு வருஷ வேலையை எங்கள் வீட்டம்மா ஒரே மூச்சில் முடித்தாள். மிஸ் ஓடி வந்து பையனை மறுபடியும் சாய்த்து வைத்துவிட்டு, எங்கள் வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

மாதம் ஒரு நாடு. பிள்ளைகளுக்கு அட்டையில் பாஸ்போர்ட் உண்டு. நாடு முடிந்தால் ரப்பர் ஸ்டாம்பு. ஸ்டாம்பு விழ வேண்டுமானால் விசா கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. பர்கினா பாசோவுக்கும் அதே கட்டணம்தான், அமெரிக்காவுக்கும் அதே கட்டணம்தான். இந்த ஒரு சமத்துவத்தை மட்டும் பாராட்டுகிறேன். கஜகஸ்தான் தலைநகரத்தின் பெயரை 2019-ல் நூர்சுல்தான் என்று மாற்றினார்கள், 2022-ல் பழையபடி அஸ்தானா என்று ஆக்கிக்கொண்டார்கள். வகுப்பின் ஜெராக்ஸ் நோட்டுக்கு அந்த இரண்டாவது தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. டி.வி. செய்தி பார்த்துச் சரியாக எழுதிய பிள்ளைக்கு அரை மார்க் போச்சு.

வீட்டுக்கு வருகிறவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் என் மருமகள், "மாமாவுக்கு பிரான்ஸ் சொல்லு" என்கிறாள். பேரன் கையைக் கட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்து, பாரிஸ் இஸ் சிச்சுவேட்டட் ஆன் த ரிவர் செயின் என்று ஆரம்பிக்கிறான். செயின் என்று காதில் விழுந்ததும் வந்த அத்தை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். பிரான்ஸ் முடிகிற வரை காபி ஆறுகிறது. முடிந்ததும் எல்லோரும் கை தட்டுகிறோம். நீங்களும் தட்டியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு நான் வந்தபோது ஆஸ்திரேலியாவையும் கங்காருவையும் சேர்த்துச் சொல்ல வைத்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் லண்டன் மாதம்தான் என்னைப் படுத்தி எடுத்தது. காலையில் பல் தேய்க்கும்போது, சாப்பிடும்போது, வேன் வருகிற வரைக்கும் வாசலில் நிற்கும்போது, அந்தப் பாலம் விழுகிற பாட்டு. எல்.கே.ஜி.யில் பாடினது போதாதென்று இப்போது வரலாற்று விளக்கத்தோடு. பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பாலத்துக்கு அப்படி என்னதான் ஆச்சு என்று நானே தேடிப் படித்தேன். பழையது 1209-ல் கட்டி முடித்த கல்பாலம். அறுநூறு வருஷத்துக்கு மேல் நின்றது. பாலத்தின் மேலேயே வீடு, கடை. தெற்கு வாசலில் ராஜதுரோகிகளின் தலையை வெட்டி ஈட்டியில் செருகி வைப்பார்கள். நர்சரிப் பாட்டில் இந்தத் தலைகள் வருவதில்லை. 1831-ல் பக்கத்திலேயே கிரானைட்டில் புதுப் பாலம் திறந்துவிட்டு, அதை இடித்தார்கள். புதுப் பாலம் தன் கனத்தாலேயே தேம்ஸ் ஆற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. இறங்கியதே தவிர, விழவில்லை.

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? விற்றுவிட்டார்கள். பழைய பாலத்தை இடித்துக் குப்பையில் போடுவானேன், வாங்க ஆள் இருக்கும் என்று நகர சபை உறுப்பினர் ஒருவர் யோசனை சொன்னார். ஐவன் லக்கின் என்று பெயர். நம்மூர் நகராட்சியில் பிறந்திருக்க வேண்டியவர், தப்பி அங்கே பிறந்துவிட்டார். 1968-ல் ராபர்ட் மெக்கல்லக் என்ற அமெரிக்கர், மரம் அறுக்கும் செயின்சா விற்ற பணக்காரர், 24,60,000 டாலர் கொடுத்து வாங்கினார். கல் கல்லாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, கப்பலில் ஏற்றி, அரிசோனா பாலைவனத்துக்குக் கொண்டு போனார்கள். நான் இதைப் படித்த அன்றைக்குத் தூங்கவில்லை. நம்பர் போட்ட கற்கள் வந்து இறங்குகின்றன. மேஸ்திரி கையில் லிஸ்ட். நடுவில் ஒரு நம்பரைக் காணோம். எவன் வீட்டு வாசல்படியாகப் போயிருக்கும்? அம்மிக்கு ஆகும் என்று எந்த ஆத்தா எடுத்துப் போயிருப்பாள்? இங்கே கண்மாய் மடைக்கு இறக்கிய கல்லே விடிவதற்குள் பாதியாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய சங்கதி, பாலம் கட்டிய இடத்தில் ஆறு இல்லை. பாலத்தை வெறும் தரையில் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் அடியில் வாய்க்கால் தோண்டித் தண்ணீர் விட்டார்கள். நம்மூரில் ஆறு இருக்கும், பாலத்துக்கு டெண்டர் வர வேண்டும். அங்கே பாலம் இருந்தது, ஆற்றுக்கு டெண்டர். 1971-ல் லேக் ஹவாசு சிட்டி என்ற ஊரில் விழா எடுத்துத் திறந்துவிட்டார்கள். மெக்கல்லக் அழகான டவர் பிரிட்ஜை நினைத்துக்கொண்டு தவறான பாலத்தை வாங்கிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. அவர் அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தார். வீட்டில் அவருடைய சம்சாரம் இதைப் பற்றி என்ன சொன்னார் என்று எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் நான் தவறான சைஸில் இட்லிப் பானை வாங்கி வந்ததற்கு என்ன சொன்னார்கள் என்பதிலிருந்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பேரனிடம் இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். அவன் வகுப்பில் எழுந்து, லண்டன் பிரிட்ஜ் இஸ் இன் அமெரிக்கா என்று சொல்லியிருக்கிறான். லண்டனில் 1973-ல் வேறு புதுப் பாலம் திறந்துவிட்டதால் பாதி சரி, பாதி தப்பு என்று வைத்துக்கொள்ளலாம். டைரியில் சிவப்பு மையில் ஒரு வரி வந்தது: தாத்தா பாட்டிமார் தயவுசெய்து வீட்டில் பாடம் நடத்த வேண்டாம்.

நான் படித்த காலம் மட்டும் ஒழுங்கு என்று சொல்லவில்லை. எங்கள் சாரும் லங்காஷயரில் ஏன் நூல் மில்கள் பெருகின என்றுதான் கேட்டார். ஈரப்பதம் உள்ள காற்று, நூல் அறாது என்று பெஞ்சு மேல் நின்று ஒப்பித்தேன். பிறகு நான் வேலைக்குச் சேர்ந்தது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில். 1936-லேயே ராஜபாளையம் மில்ஸ் வந்த ஊர் இது, மில்லுக்குப் பஞ்சமில்லை. ஸ்பின்னிங் டிபார்ட்மெண்டில் அந்த லங்காஷயர் காற்றை ஹியூமிடிபிகேஷன் பிளாண்ட் என்று ஒரு மிஷின் போட்டு உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு, பஞ்சு தூசி காதுக்குள் ஏறும். இந்த நரகத்துக்காகவா பெஞ்சு மேல் நின்றோம் என்று தோன்றும். வீட்டில் அப்பா ஹாலில் மாட்டியிருந்தது சிவகாசி காலண்டர், சுவிட்சர்லாந்து பனிமலை. பக்கத்து ஜன்னலைத் திறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. விருந்தாளிகளை நிறுத்தி வைத்து அவர் காட்டியது காலண்டரைத்தான்.

ஜெர்மனியிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் இருந்த ரேனியஸ் ஐயர் 1832-லேயே 'பூமி சாஸ்திரம்' என்று தமிழில் புத்தகம் போட்டார். பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் படித்திருப்பார்கள். இப்போது பிரான்ஸ் எங்கே இருந்தால் யாருக்கு என்ன? அதைச் சொல்லும்போது 'ஃப்' சுத்தமாக வர வேண்டும், அவ்வளவுதான். இருக்கிற இடத்தை விட்டு நைல் நதியை எடுத்து பிரேசிலில் வைத்தாலும் உச்சரிப்பு சரியாக இருந்தால் ஸ்டாம்பு விழும்.

மில்லில் இப்போது ஒடிசாப் பையன்கள் நிறைய. வந்து கொஞ்ச நாளிலேயே டீக்கடையில், "அண்ணே, சீனி கம்மியா, ஸ்ட்ராங்கா ஒண்ணு" என்கிறான். கண்டக்டரிடம் சில்லறைக்குச் சண்டை போடுகிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துக்குப் பதினொரு நிலை, 192 அடி என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தமிழ்நாடு அரசு முத்திரையில் இருப்பது அந்தக் கோபுரம்தான் என்றும் சொல்லவில்லை. (மதுரைக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.) எங்கள் பேரனுக்கோ ஈபிள் கோபுரம் 330 மீட்டர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அன்றைக்கு ஆண்டாள் கோயில் வாசலில் ஒரு வெள்ளைக்காரம்மா தண்ணீர் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று இங்கிலீஷில் அவனிடம் கேட்டார். இவன் கையைக் கட்டிக்கொண்டு கூரையைத் தேடினான். அங்கே கூரை இல்லை, வானம்தான்.

உள்ளூர் சரக்கு ஏன் பாடத்தில் இல்லை என்று மிஸ்ஸிடம் கேட்டுப் பார்த்தேன். 2005-ல் நம் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை போட்டார்கள் என்றேன். பாண்டிய நாட்டு நடுவில் சோழபுரம் என்று ஒரு ஊர் ஏன் இருக்கிறது, ராஜேந்திர சோழன் மதுரையில் தன் மகனை உட்கார வைத்த கதையிலிருந்து ஆரம்பிக்கலாமே என்றேன். "சார், அதெல்லாம் பேரண்ட்ஸ் எக்ஸ்பெக்ட் பண்றதில்ல" என்றார். பாவம், அவர் பொய் சொல்லவில்லை. என் மருமகளே எக்ஸ்பெக்ட் பண்ணவில்லை.

கடைசியில் சொல்கிறேன் என்ற அந்த ஒரு விஷயத்துக்கு வருவதற்குள் வகுப்பிலிருந்து அடுத்த மாதத்துச் சுற்றறிக்கை வந்துவிட்டது. எகிப்து. பேரனுக்கு மம்மி வேஷம். பேண்டேஜ் துணி இத்தனை மீட்டர், இன்ன ஆன்லைன் கடையில் வாங்கவும் என்று லிங்க் வேறு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. தறி தறியாக பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். மம்மிக்குத் துணி வாங்க நான் டெல்லிக்கு டெலிவரி சார்ஜ் கட்ட வேண்டுமாம்! தறிக்காரர் ஒருவர் பழக்கம். பத்து மம்மிக்கு ஆகிற மாதிரி வாங்கி வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை சாய வேண்டியதில்லை, படுத்துக் கிடந்தால் போதும் என்று வீட்டம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லியாயிற்று. இங்கிலீஷ் வசனம் எத்தனை வரி என்று மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். மம்மிக்கு வசனமே கிடையாதாம். கட்டணத்தில் ஏதாவது குறையுமா என்றேன். குறையாதாம்.