டிம் அடிக்கத் தெரியாதவன்

ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் தெரு வேப்பமரத்தில் காக்கைகள் எழுந்து கத்தின. விடிந்துவிட்டதாக நினைத்திருக்கும். அவற்றின் மேல் தப்பில்லை, என் காரின் முன்விளக்கு நேராகக் கூட்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. மரத்தின் உச்சிக் கிளை தெரிந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் எடுக்காமல் விட்ட துணி தெரிந்தது. அதற்கும் பின்னால் மேல்நிலைத் தொட்டியில் பெயிண்டில் எழுதியிருந்த எழுத்துகூடத் தெரிந்தது. ரோடு மட்டும் தெரியவில்லை.

நான் பிழைப்புக்குப் பட்டாசு ஆலையில் போர்மேன். அதாவது, அடுத்தவருக்கு ஜாக்கிரதை சொல்வதற்காகச் சம்பளம் வாங்குகிறவன். காலையில் வாசலில் நின்று செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வேன். அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டாயா என்று கேட்பேன். மருந்து அறையில் இரும்புச் சாமான் கண்ணில் பட்டால் சாமி வந்தவன் மாதிரி ஆடுவேன். ஓர் அறைக்கு நாலு பேர், அதற்கு மேல் ஐந்தாவது ஆள் தண்ணீர் கொடுக்க வந்தாலும் வெளியேதான். 2021 பிப்ரவரி 12 அன்று பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததற்குப் பிறகு, ‘சின்னப் பொறிதானே’ என்று எங்கள் பக்கத்தில் யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்வதில்லை.

இந்த ஆள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, இருபதாயிரம் வோல்ட் பொறி தட்டும் சாமானை, யூடியூப் பார்த்துக் காரில் மாட்டினான்.

காரணம் மச்சினன். புதுக் கார் வாங்கி வந்தவன் என் பழைய ஆல்டோவின் விளக்கைப் பார்த்து, “என்ன அத்தான், லாந்தரைக் கட்டித் தொங்கவிட்ருக்கீங்க?” என்று கேட்டான். நான் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. சாத்தூரிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோட்டில் ராத்திரி ஓட்டியவர்களுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் கரிசல். கறுப்பு மண் வெளிச்சத்தைக் குடித்துவிடும். ஆட்டுக்கிடை குறுக்கே போகும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் நிற்கும். ஆகவே வெளிச்சம் அவசியம்தான் என்று மனைவியிடம் பேசினேன். மச்சினன் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

மதுரையில் ஒரு கடையில் செனான் முன்விளக்கு செட் வாங்கினேன். கடைப் பையன், “எத்தனை கே வேணும் சார்? நாலாயிரத்து முந்நூறு, ஆறாயிரம், எட்டாயிரம் இருக்கு” என்றான். எட்டாயிரம் என்றேன். எண் பெரிதாக இருந்தால் வெளிச்சமும் பெரிதாகத்தானே இருக்கும்?

கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் அளவு இல்லை, நிறம். நாலாயிரத்து முந்நூறு வெள்ளை, எட்டாயிரம் நீலம். நீலத்துக்குப் போகப் போகக் கண்ணுக்குப் பயன்படும் வெளிச்சம் குறையும். இது தெரியாமல் போக நான் ஒன்றும் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கவில்லை. ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு உப்பு நீலம் என்று நிறத்திலேயே காலம் தள்ளுகிறவன். எங்கள் தொழிலில் வானத்தில் நன்றாக எடுபடாத நிறம் எது என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் நீலம் என்பேன். அந்த நீலத்தைத்தான் காசு கொடுத்து வாங்கினேன்.

இன்னொரு மிச்சமும் பிடித்தேன். டிம், பிரைட் இரண்டும் வருகிற செட் ஒன்று இருந்தது, விலை கூடுதல். ‘லோ’ மட்டும் என்று எழுதியிருந்த செட் மலிவு. இவ்வளவு வெளிச்சம் வந்த பிறகு பிரைட் எதற்கு என்று மலிவானதை எடுத்தேன். எங்கள் ஊர், கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காக 1799இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பாளையத்தைப் பறிகொடுத்த ஊர். பின்விளைவு பார்த்துக் காரியம் செய்யும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.

வேலை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. ஹாலஜன் பல்பைக் கழற்ற மூன்று காரியம்: கப்ளரை இழு, ரப்பர் மூடியை உரி, கம்பி கிளிப்பை விடுவி. வீடியோவில் அந்தப் பையனுக்கு நாற்பது நொடி ஆனது. எனக்கு ஒரு பக்கத்துக்கே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. பாட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே என் கை நுழையாது. மகனுடைய கை நுழைந்தது, ஆனால் அவன் கிளிப்பைத் தட்டிவிட்டான், அது உள்ளே எங்கேயோ போய் விழுந்தது. ஸ்பீக்கரிலிருந்து பிய்த்த காந்தத்தை நூலில் கட்டித் தூண்டில் போட்டோம். கிளிப் வரவில்லை. எப்போதோ தொலைந்த பத்தாம் நம்பர் ஸ்பானர் வந்தது. அதுவே பெரிய லாபம் என்று ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

செட்டுக்குள் ஒரு ஜோடி பல்பு, பேலஸ்ட் என்று இரண்டு தகரப் பெட்டிகள், ஏகப்பட்ட வயர். இவற்றோடு ரிலே வைத்த தனி வயர்க்கட்டு ஒன்றும் இருந்தது. அது எதற்கென்று பிடிபடவில்லை. பிடிபடாததெல்லாம் தேவையில்லாதது என்ற கொள்கைப்படி ஓரமாக வைத்துவிட்டு, பழைய பல்புக்கு வரும் வயரிலேயே பேலஸ்டை இணைத்தேன்.

செனான் பல்புக்குள் இழை கிடையாது. இரண்டு முனைகளுக்கு நடுவே வாயு, அதில் பொறி தட்டி வில் மாதிரி எரிய வேண்டும். அந்த முதல் பொறிக்குத்தான் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல். எரியத் தொடங்கிவிட்டால் 35 வாட்டிலேயே, 55 வாட் ஹாலஜனைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு வெளிச்சம் தரும். ஆனால் எழுந்து நிற்கும் அந்தச் சில நொடிகளில் பேலஸ்ட் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். காரின் மெல்லிய வயர் அதைத் தாங்காது. பாட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் எடுத்துக் கொடுக்கத்தான் அந்த ரிலே. இதையெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அப்போது தெரிந்தது ஒன்றுதான்: சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போனது. வேறு ஃபியூஸ் போட்டேன், அதுவும் போனது. மூன்றாவது ஃபியூஸ் வீட்டில் இல்லை. இனி சொல்லப்போவதை என் ஆலையில் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும். பழைய மிக்ஸி வயரை உரித்து, நாலு இழை செம்புக் கம்பியை முறுக்கி, ஃபியூஸ் இருந்த இடத்தில் சொருகினேன். என் கீழே வேலை செய்யும் ஒருவர் இப்படிச் செய்திருந்தால் அன்றே கணக்கை முடித்து அனுப்பியிருப்பேன்.

இந்த முறை ஃபியூஸ் போகவில்லை. வயர் போனது. பானெட்டுக்குள்ளிருந்து ரப்பர் தீய்கிற நாற்றமும் நூல்போலப் புகையும் வந்தன. “மணல் கொண்டா, மணல்!” என்று கத்தினேன். ஆலையில் அறைக்கு அறை வாளியில் மணல் தொங்கும். சிமெண்ட் போட்ட முற்றத்தில் மணலுக்கு எங்கே போவாள்? உள்ளே ஓடிய மனைவி கோலப்பொடி டப்பாவோடு வந்தாள். கல் பொடிதான், மணலுக்கு அக்காள் தங்கச்சி முறை. கொட்டினாள். நான் பாட்டரி வயரைப் பிடுங்கினேன் (பத்தாம் நம்பர் ஸ்பானர் உபயம்). புகை அடங்கியது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் தட்டிக் காலி செய்து மூடிக்கொண்டு, “மார்கழிக்கு வாங்கி வச்சது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் ரிலேயை மாட்டினேன். எரிந்தது. முதலில் ஊதா, பிறகு நீலம், நாலைந்து நொடியில் முழு வெளிச்சம். மகன் கைதட்டினான். காக்கைகள் கத்தின.

ஏன் வெளிச்சம் மரத்துக்குப் போனது என்றால், பழைய பல்பில் இரண்டு இழைகள். டிம் இழைக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். மேலே எகிறப் போகிற வெளிச்சத்தை மறைப்பது அந்தக் கரண்டிதான். விளக்கின் பின்னாலுள்ள கண்ணாடிக் கிண்ணமும் இழை இருக்கும் புள்ளியைக் கணக்குப் பண்ணி வளைத்தது. அந்த இடத்தில் வேறு வடிவத்தில் ஒரு வில்லை எரியவிட்டால் கணக்கு தப்பி வெளிச்சம் நாலா பக்கமும் சிதறும். 1991இல் பி.எம்.டபிள்யூ தன் பெரிய காரில் செனானைக் கொண்டுவந்தபோது விளக்கு முழுவதையும் அதற்கென்றே செய்தது. பிற்பாடு ஐரோப்பாவில், பின்சீட்டில் பாரம் ஏறினால் விளக்கு தானாகத் தாழ வேண்டும், கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பீச்ச வேண்டும் என்றெல்லாம் விதியே போட்டார்கள். 1898இல் இந்த வாயுவைக் கண்டுபிடித்த ராம்சேயும் டிராவர்ஸும் கிரேக்கத்தில் ‘அந்நியன்’ என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தார்கள். என் ஆல்டோவில் அது கடைசிவரை அந்நியனாகவே இருந்தது.

பின்சீட்டுப் பாரத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி சாத்தூர் ஸ்டேஷனில் மாமியாரை ஏற்றிக்கொண்டு வர வேண்டும். போகும்போது எதிரே வந்த வண்டியெல்லாம் எனக்கு லைட் அடித்துக் காட்டியது. ஊரில் முதல் செனான், மரியாதை செய்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு லாரிக்காரருக்குக் கையைக்கூடத் தூக்கினேன். ரேடியோவில் கோடைப் பண்பலை போட்டால் பாட்டு வர வேண்டிய இடத்தில் வடகம் பொரிகிற சத்தம். பேலஸ்டின் வேலை.

திரும்பும்போது மாமியார் பின்சீட்டில், கூடவே சாத்தூர் வெள்ளரிக்காய் ஒரு மூட்டை. காரின் மூக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. “மாப்ள, மரத்துக்கு மேல என்ன தேடுறீங்க?” என்றார். பாதி வழியில் எதிரே ஒற்றை விளக்கு வந்தது. டி.வி.எஸ். 50, இரண்டு பக்கமும் பால் கேன். பழக்க தோஷத்தில் டிம் சுவிட்சைத் தட்டினேன். டிக் என்று சத்தம் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. அந்த ஆள் ஒரு கையால் முகத்தை மறைத்தார், வண்டி ஆடியது, ரோட்டைவிட்டு மண்ணில் இறங்கிச் சீமைக்கருவேலத்தை ஒட்டிப் போய் நின்றது. விழவில்லை. ஏதோ கத்தினார். கேன் மூடி உருளும் சத்தம் கேட்டது என்று நினைக்கிறேன்.

நான் நிறுத்தவில்லை.

மாமியார் திரும்பிப் பார்த்துவிட்டு, “நிக்கலையா?” என்றார். “ஒண்ணுமில்ல அத்தை, வண்டியை ஓரங்கட்டிட்டாரு” என்றேன். ஊர் வரும்வரை அவர் பேசவில்லை. ஊருக்குள் நுழைகையில் இடது விளக்கு தானாக அணைந்தது. மீதி ஒன்று மட்டும் எரிய, ஒற்றைக் கண்ணோடு வீடு வந்தோம்.

மறுநாள் சாத்தூரில் ஒரு பழைய எலக்ட்ரீசியனிடம் போனேன். பானெட்டைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது பேலஸ்டை இல்லை, கோலப்பொடியை. “பூசை போட்டீங்களா தம்பி?” என்றார். எல்லாவற்றையும் கழற்றினார். எர்த் வயர் பாடியில் சேருகிற இடத்தைச் சுரண்டிக் காட்டினார், துரு. விளக்கின் பிளாஸ்டிக் முகப்பு மஞ்சள் பூத்திருந்தது, அதைப் பாலிஷ் போட்டுத் தேய்த்தார். பழைய ஹாலஜன் பல்பையே திருப்பி மாட்டினார். பிறகு காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சம் கோட்டுக்குக் கீழே நிற்கும்வரை ஸ்குரூவைத் திருகினார். ரோடு தெரிந்தது. முந்நூற்றைம்பது ரூபாய்.

1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி இதற்கென்றே இருப்பதாக மகன் தேடிப் படித்துக் காட்டினான். எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் கிட்டத்தட்ட என் மனைவியின் கண் உயரம். தெருவில் எட்டு மீட்டர் அளந்து அவளை நிற்கவைத்து லைட்டைப் போட்டோம். முகத்தை மறைக்காமல் நின்றாள். “கோலப்பொடி?” என்று கேட்டாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

செனான் செட் பரணில் இருக்கிறது. மச்சினனின் சிநேகிதன் ஒருவன் பாதி விலைக்குக் கேட்டான். கொடுக்கவில்லை, அவனும் அதே ரோட்டில்தான் வருவான். இதை எழுதியது அந்தப் பால்காரருக்காக. அன்று ராத்திரி ஒன்பதரை வாக்கில் சாத்தூர் ரோட்டில் மண்ணில் இறங்கி நின்றது நீங்கள் என்றால், அந்த நீல விளக்குக்காரன் நான்தான். சிந்திய பாலுக்குக் காசு வைத்திருக்கிறேன். ஏழாயிரம்பண்ணையில் வந்து, காக்கை கத்திய வீடு எது என்று கேளுங்கள். காட்டுவார்கள்.